எல்லார் முன்னாடியும் சொன்ன சொல்

எங்கள் தெருமுனையில் பெட்ரோல் மெஷின்கள் ரிப்பேர் செய்கிற அக்காவுக்கு 'வேண்டாம் அக்கா' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்யும். அதைக் கேட்கிற தேவை யாருக்கும் வரவில்லை. புல்வெட்டி, மரம் அறுக்கிற மெஷின், மருந்தடிக்கிற மெஷின், தண்ணீர் இறைக்கிற சின்ன எஞ்சின் என்று எதை வாங்கப் போவதாகச் சொன்னாலும் அவர் வாயில் முதலில் வருவது "வேண்டாம்"தான். ஏன் என்று அப்புறம் சொல்வார். சில நேரம் அந்த விளக்கம் முடிவதற்குள் அவரே மனசு மாறி, "சரி, வாங்கிக்கோங்க" என்பதும் உண்டு. ஆனாலும் ஒட்டின பெயர் ஒட்டினதுதான்.

நான் முதலில் அங்கே போனது வீடு கட்டி முடித்த புதிதில். வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு இடம், மழை பெய்தால் புல் முழங்காலைத் தொடும். அச்சகத்தில் வேலை பார்க்கிற எனக்கு மெஷின் என்றாலே ஒரு மயக்கம். சாலையோரத்தில் ஆட்கள் தோளில் மாட்டிக்கொண்டு சர்ரென்று புல் வெட்டுவதைப் பார்த்து, நமக்கும் ஒன்று இருந்தால் என்ன என்று ஆசை வந்துவிட்டது.

முன்பக்கம் கடை, பின்பக்கம் பட்டறை. கடை அக்காவின் தம்பியுடையது. கண்ணாடிக் கதவு, வெள்ளை டைல்ஸ், சுவரில் வரிசையாக மாட்டிய மெஷின்கள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு விளக்கு. பின்னால் ஒரு கதவு. அதைத் திறந்தால் தகரக் கூரை, கறுத்துப்போன மேஜை, பெட்ரோல் வாசனை. அதுதான் அக்காவின் இடம். அவர்கள் அப்பா அங்கே பம்ப் எஞ்சின் ரிப்பேர் செய்தவர். அவருக்குக் கண் மங்கிய பிறகு அக்கா பட்டறையைக் கையில் எடுத்தார். அக்காவின் கணவர் பஸ் டிரைவர். வீட்டில் இருக்கிற நேரத்தைவிட ரூட்டில் இருக்கிற நேரம் அதிகம். அம்மா சீக்கிரமே போய்விட்டதால் தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவரும் அக்காதான். அவர் வளர்ந்து, கல்யாணம் ஆகி, ஒரு பெண் குழந்தைக்கு அப்பாவாகி, முன்பக்கத்தில் கடை போட்ட பிறகும் அக்காவுக்கு அவர் "டேய்"தான். தெருவுக்கு அவர் 'சின்னவர்'.

சின்னவருக்கு வாய் சர்க்கரை. என்னை உட்கார வைத்து, ஒரு பெரிய புல்வெட்டியைக் கையில் கொடுத்து, "உங்க உயரத்துக்கு இது அம்சமா இருக்கு சார்" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. அப்புறம் அவரே பின்கதவைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "அக்கா, ஒரு நிமிஷம் வர்றியா?"

அக்கா துணியில் கை துடைத்துக்கொண்டே வந்தார். என்னை ஒரு பார்வை, மெஷினை ஒரு பார்வை.

"எவ்வளவு இடம்?"

சொன்னேன்.

"புல்லா, புதரா?"

"புல்லுதான்."

"யாரு ஓட்டப் போறது?"

"நான்தான். லீவு நாள்ல."

"வேண்டாம்" என்றார். "இது ரோட்டோரம் காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் வெட்டுறவனுக்கு. நீங்க மாசத்துக்கு ஒரு தடவை எடுப்பீங்க. அதுக்குள்ள டேங்க்ல இருக்கிற பெட்ரோல் கெட்டுப்போய் கார்புரேட்டர் அடைச்சுக்கும். ஸ்டார்ட் ஆகலைன்னு கயித்தை இழுத்து இழுத்து அத்துடுவீங்க. அப்புறம் என்னைத் திட்டுவீங்க. கையால தள்ளுற மெஷின் ஒண்ணு இருக்கு பாருங்க, பெட்ரோலும் வேண்டாம் புகையும் வேண்டாம். பிளேடு மழுங்கினா எங்கிட்ட குடுங்க, தீட்டித் தர்றேன்."

சின்னவர் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். "பாத்தீங்களா சார்? இவங்க இருக்கிற வரைக்கும் நான் முதலாளி ஆனாப்லதான்."

அந்தச் சிரிப்பில் வருத்தம் எதுவும் இல்லை. அதுதான் அவர்கள் வியாபாரமே. தம்பி ஆசை காட்டுவார், அக்கா அளந்து கொடுப்பார். இரண்டும் சேர்ந்ததால்தான் சுற்று வட்டாரத்தில் எங்கெங்கோ இருந்து ஆள் வந்தார்கள்.

பிளேடு தீட்டப் போகும்போதெல்லாம் பட்டறை பெஞ்சில் உட்கார்ந்து அவர் பேசுவதைக் கேட்பேன். பழைய மெஷின் வாங்க வருகிறவர்களுக்கு ஒரு பாடமே நடத்துவார். "விக்கிறவன் வீட்டுக்குப் போனதும் முதல்ல எஞ்சின் மேல கை வச்சுப் பாருங்க. சூடா இருந்தா, நீங்க வர்றதுக்கு முன்னாடியே ஓட்டி வச்சிருக்கான்னு அர்த்தம். டீ குடிச்சிட்டு ஆறுற வரைக்கும் உக்காந்திருங்க. ஆறின மெஷின் எப்படி ஸ்டார்ட் ஆகுதுன்னுதான் பாக்கணும்." ஸ்டார்ட் கயிற்றின் கைப்பிடியைப் பிடித்து மெஷினை அந்தரத்தில் தொங்க விடுவார். விக்கி விக்கி மெதுவாக இறங்கினால் உள்ளே பலம் இருக்கிறது. தொப்பென்று இறங்கினால் பிஸ்டன் தேய்ந்துவிட்டது. சைலன்சரைக் கழற்றி, ஓட்டை வழியாக டார்ச் அடித்து, பிஸ்டனில் கீறல் விழுந்திருக்கிறதா என்று காட்டுவார். "இது ஆயில் கலக்காம வெறும் பெட்ரோல்ல ஓட்டினது. தாகத்துல செத்திருக்கு பாவம்."

புதிது வாங்குகிறவர்களிடம் கேட்கச் சொல்கிற கேள்வி ஒன்றுதான். "இதோட கார்புரேட்டர் கிட்டும் ஸ்டார்ட் கயிறும் இப்பவே எடுத்துக் காட்டுன்னு கேளுங்க. வரவழைச்சுத் தர்றேன்னு சொன்னா அந்தக் கடையை விட்டு இறங்கிடுங்க. விளம்பரத்துல வர்ற மெஷினைவிட, ஸ்பேர் கிடைக்கிற மெஷின் பெரிசு."

இப்படி ஓடிக்கொண்டிருந்த குடும்பம்தான்.

ஒரு நாள் சின்னவர் ஒரு லாட் புல்வெட்டிகளை இறக்கினார். யாரோ ஒரு சப்ளையர், பெயர் கேள்விப்படாத சரக்கு, விலை மலிவு. பச்சை நிறத்தில் பளபளவென்று இருக்கும். கடையில் ஒரு பக்கச் சுவர் முழுக்க அவைதான். அக்கா அதில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய்ப் பிரித்தார்.

நான் அன்றைக்கு இல்லை. பின்னால் அக்கா சொல்லித்தான் தெரியும். விசையை விட்ட பிறகும் பிளேடு நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்ததாம். உள்ளே கிளட்ச் ஸ்பிரிங் நூல் மாதிரி. பிளேடு மேல் இருக்கிற தடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தது ஒரு மெல்லிய பிளாஸ்டிக் துண்டு. ஒரு கல் தெறித்தால் போய்விடும். அப்புறம் ஓட்டுகிறவன் காலுக்கும் பிளேடுக்கும் நடுவில் ஒன்றும் கிடையாது.

அக்கா அதைக் கொண்டுவந்து தம்பி முன்னால் வைத்தார்.

"டேய், இதை வித்தா யாரோட காலாவது போகும்."

சின்னவர் எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்தார். முகம் சுருங்கிப்போனது. "பாக்கிறேன்கா" என்றார். அவ்வளவுதான்.

அக்கா எதிர்பார்த்தது வேறு. 'ஏமாந்துட்டேன்கா, திருப்பி அனுப்பிடறேன்' என்று ஒரு வார்த்தை. அது வரவில்லை. மறுநாளும் பச்சை மெஷின்கள் அதே சுவரில் நின்றன. அதற்கடுத்த நாளும் நின்றன. சின்னவர் அடிக்கடி போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்ப் பேசினார். அக்கா பக்கம் வந்தால் பேச்சை நிறுத்தினார். அக்காவுக்குள் சந்தேகம் புகுந்து, உட்கார்ந்து, காலை நீட்டிவிட்டது. சத்தமில்லாமல் விற்றுத் தள்ளப் பார்க்கிறான் என்று முடிவு கட்டிவிட்டார். நேராகக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. 'நானே போய்க் கேக்கணுமா, அவனா வந்து சொல்லட்டுமே' என்று இருந்துவிட்டார்.

அப்புறம் அந்தக் காலை வேளை. தீட்டக் கொடுத்திருந்த பிளேடை வாங்கிக்கொண்டு போகலாம் என்று போயிருந்தேன். கடையில் பூங்காக்களைப் பராமரிக்கிற காண்ட்ராக்டர் நின்றிருந்தார். பெரிய வாடிக்கை. அவருக்கு ஒரு தடவை விற்றால் மற்ற மாதங்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். மருந்தடிக்கிற மெஷினோடு ஒரு தோட்டக்காரம்மா பெஞ்சில் காத்திருந்தார். எதிர்க் கடை டீக்காரர் டம்ளர்களோடு உள்ளே வந்துகொண்டிருந்தார்.

காண்ட்ராக்டர் பச்சை மெஷின் ஒன்றின் மேல் கை வைத்தார். "ஏன் சின்னவரே, இதையே மொத்தமா எடுத்துக்கிட்டா எப்படிப் போடுவீங்க?"

"அது வந்து சார்..." என்று சின்னவர் ஆரம்பித்தார்.

அவர் முடிப்பதற்குள் பின்கதவு படாரென்று திறந்தது. கையில் ஸ்பேனரோடு அக்கா.

"எடுக்காதீங்க! விசையை விட்டாலும் பிளேடு நிக்காது அதுல. உங்க ஆளுங்க காலு போயிடும்." அப்படியே தம்பி பக்கம் திரும்பினார். "ஏன்டா, எல்லாத்தையும் பிரிச்சுக் காட்டினேனே, அப்பவும் விக்கத்தான் நிக்கிறியா? காசுக்காக அடுத்தவன் காலை வெட்டுவியா? இதுக்காடா உன்னை வளர்த்தேன்? அப்பா உக்காந்த இடத்துல உக்காந்துக்கிட்டுத் திருட்டு வியாபாரம் பண்றியே, வெக்கமா இல்லை?"

டீக்காரர் "அடேங்கப்பா" என்று சொல்லிச் சிரித்துவிட்டார். அடக்க முடியாமல் வந்த சிரிப்பு. தோட்டக்காரம்மா தலையைக் குனிந்துகொண்டார். நான் சுவரைப் பார்த்தேன்.

சின்னவர் வாயைத் திறந்தார், மூடினார். ஒருமுறை காண்ட்ராக்டரைப் பார்த்தார். அவர் என்னவோ சொல்ல வருகிற மாதிரி தொண்டையைச் செருமினார், பிறகு சும்மா இருந்துவிட்டார். சின்னவர் கல்லாச் சாவியை மேஜை மேல் வைத்தார். செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். நடையில் கோபம்கூட இல்லை. பஸ்ஸுக்குப் போகிறவர் மாதிரி போனார்.

சாயங்காலம் அக்காவின் கணவர் டியூட்டி முடிந்து வந்ததும் சமாதானம் பேசப் போனார். சின்னவர் கதவைத் திறந்து உட்கார வைத்து, காபி கொடுத்து, பதில் மட்டும் கொடுக்கவில்லை. "விடுங்க மாமா" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னாராம். கொஞ்ச நாளில் மனைவியையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். அங்கே ஒரு பெயிண்ட் கடையில் விற்பனை வேலை.

அவர் போன பிறகு ஒரு வேன் வந்தது. பச்சை மெஷின்களை ஒன்று விடாமல் ஏற்றிக்கொண்டு போனது. சப்ளையர் அனுப்பிய வேன். அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தார். "கத்தினதுல பயந்துட்டான்" என்று கணவரிடம் சொன்னார். அதில் அவருக்கு ஒரு திருப்தியும் இருந்தது.

தெருவும் அப்படித்தான் பேசியது. டீக்காரர் அந்தக் கதையைத் தன் கடைக்கு வருகிற ஒவ்வொருத்தருக்கும் டீயோடு சேர்த்துக் கொடுத்தார். "கூடப்பிறந்த தம்பின்னும் பாக்கலை. முகத்துக்கு நேரா கிழிச்சுட்டா. அப்படி ஒரு நேர்மை." கேட்டவர்கள் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அக்காவுக்கு வேலை குவிந்தது. முன்கடையில் விற்பனை நின்றுபோனாலும் பட்டறை நிமிர்ந்துவிட்டது. தம்பி போனதற்குக் கிடைத்த கூலி மாதிரி அந்தப் பெயர் வளர்ந்துகொண்டே போனது.

தம்பியின் மனைவி எப்போதாவது போன் செய்வார். "நல்லா இருக்கோம் அண்ணி. பாப்பா பள்ளிக்கூடம் போறா. அவரு கடையில இருக்காரு." அக்கா போன் செய்தாலும் அவர் கடையில்தான் இருப்பார். இப்படியே சில வருஷம் ஓடிவிட்டது. பாப்பா எந்த வகுப்பு என்று கேட்டால் அக்காவுக்கு யோசிக்க வேண்டியிருந்தது.

ஒரு மழைக்காலத்தில் காண்ட்ராக்டர் ஒரு மரம் அறுக்கிற மெஷினை எடுத்துக்கொண்டு வந்தார். காற்றில் விழுந்த மரங்களை அறுத்து அறுத்து அது களைத்துப்போயிருந்தது. அக்கா செயினைத் தொட்டுப் பார்த்தார்.

"மரத்தூள் மாவு மாவா வருதா?"

"ஆமாக்கா. அழுத்தினாத்தான் அறுக்குது."

"மழுங்கின செயின் அழுத்தச் சொல்லும். அழுத்துறப்பதான் கை வழுக்கும். செதில் செதிலா வரணும் தூளு. வராட்டி நிறுத்திட்டு அரம் போடச் சொல்லுங்க உங்க ஆளுங்களை. மெஷினை எதுக்குக் குறை சொல்றீங்க?"

காண்ட்ராக்டர் சிரித்தார். வேலை முடிகிற வரைக்கும் பெஞ்சில் உட்கார்ந்தார். பேச்சுவாக்கில், "உங்க தம்பி இருந்திருந்தா இந்நேரம் எனக்கு ரெண்டு புது மெஷினைத் தலையில கட்டியிருப்பாரு" என்றார். "நல்ல மனுஷன். அன்னிக்குப் பாவம், அநியாயமாத் திட்டு வாங்கினாரு."

அரம் போட்டுக்கொண்டிருந்த அக்காவின் கை நின்றது. "என்ன அநியாயம்?"

"அது பழைய கதைக்கா."

"சொல்லுங்க."

காண்ட்ராக்டர் சங்கடத்தோடு சொன்னார். அந்தச் சண்டைக்கு முந்தின நாள் சின்னவர் அவருக்குப் போன் செய்திருக்கிறார். 'சார், பச்சை கலர்ல ஒரு லாட் நிக்கும், அதைப் பாக்காதீங்க. எங்க அக்கா பிரிச்சுப் பாத்துட்டாங்க, சரியில்லை. சப்ளையர்கிட்ட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கேன், திருப்பி எடுத்துக்கறேன்னு ஒருவழியா ஒத்துக்கிட்டான். நீங்க வந்தா வேற நல்லது காட்டறேன்' என்று.

"அப்ப ஏன் நீங்க அதைக் கேட்டீங்க?"

"மலிவா இருக்கேன்னு ஒரு ஆசைதான். கேட்டுத்தான் பாப்போமேன்னு கேட்டேன். அவரு மாட்டேன்னு சொல்லத்தான் வாயெடுத்தாரு. நீங்க வந்துட்டீங்க."

"நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருக்கணும். அக்கா தம்பி சண்டையில நாம எதுக்குன்னு நின்னுட்டேன். அவரு அப்புறம் உங்ககிட்ட சொல்லியிருப்பாருன்னு நினைச்சேன்."

அக்கா செயினை முடித்து, மாட்டி, ஓட்டிப் பார்த்துக் கொடுத்தார். காண்ட்ராக்டர் போன பிறகு பட்டறைக் கதவைச் சாத்தினார். அவர் கணவர் வந்து தட்டுகிற வரைக்கும் திறக்கவில்லை. "ஏமாந்ததை எங்கிட்ட சொல்ல வெக்கப்பட்டிருக்கான்" என்றாராம் அவரிடம். "எல்லாத்தையும் சரி பண்ணிட்டு வந்து சொல்லலாம்னு இருந்திருக்கான். நான் ஒரு நாள் பொறுத்திருந்தா அவனே வந்து சொல்லியிருப்பான்."

அந்த வாரமே பஸ் ஏறித் தம்பியைப் பார்க்கப் போனார்.

பெயிண்ட் கடையில் சின்னவர் கடையின் பெயர் அச்சடித்த சட்டையோடு நின்றிருந்தார். காதோரம் நரை. அக்காவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது, உடனே அடங்கியது. முதலாளியிடம் சொல்லிவிட்டு அவரைப் பின்னால் சரக்கு வைக்கிற அறைக்குக் கூட்டிப் போனார். சுற்றிலும் அட்டைப்பெட்டிகள். அக்காவை ஒரு பெயிண்ட் வாளியின் மேல் உட்கார வைத்தார்.

அக்கா சுற்றி வளைக்கவில்லை. "எனக்கு இப்பத்தான்டா தெரிஞ்சுது. நீ முந்தின நாளே அவருக்குப் போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிட்டியாமே. நான் தப்புப் பண்ணிட்டேன். பெரிய தப்பு. ஏன்டா அன்னிக்கே சொல்லலை?"

"நீ சொல்ல விட்டியா?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

"மெஷினைப் பத்தி நீ சொன்னது அத்தனையும் நிஜம்தான்கா. அதைப் பத்தி எனக்கு ஒண்ணுமில்லை. திருடன்னு சொன்னே பாரு." சின்னவர் கொஞ்ச நேரம் நகத்தில் ஒட்டியிருந்த பெயிண்டைச் சுரண்டினார். "உனக்கு என்னைத் தெரியும்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்."

"மன்னிச்சுக்கடா."

சின்னவர் சிரித்தார். பழைய கடைச் சிரிப்பு மாதிரியே இருந்தது என்று அக்கா சொன்னார், அதுதான் இன்னும் வலித்ததாம். "எல்லார் முன்னாடியும் திட்டினே. மன்னிப்பு மட்டும் அட்டைப்பெட்டிக்கு நடுவுல வந்து கேக்கறே" என்றார். அப்புறம் அவரே, "விடுக்கா, சும்மா சொன்னேன். சாப்பிட்டியா? வா, வீட்டுக்குப் போலாம்" என்று எழுந்தார்.

வீட்டில் எல்லாரும் நன்றாகவே பேசினார்கள். பாப்பா வளர்ந்திருந்தது. வந்து "வாங்க அத்தை" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்துக்கொண்டது. கிளம்பும்போது அக்கா, "கடை காலியாத்தான்டா இருக்கு" என்றார். சின்னவர் காதில் விழாத மாதிரி, "கடைசி பஸ்ஸை விட்டுடாதே" என்றார்.

திரும்பி வந்த அக்கா அந்தச் சொல்லையே பிடித்துக்கொண்டார். எல்லார் முன்னாடியும். அன்றைக்குக் கடையில் இருந்தவர்களைத் தேட ஆரம்பித்தார்.

முதலில் என்னிடம் வந்தார். அச்சகத்தில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் நின்று எதையோ கத்திச் சொன்னார். ஒன்றும் கேட்கவில்லை. நிறுத்தினேன். உடன் வேலை செய்கிறவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி சொன்னார்.

"பிரஸ்காரரே, அன்னிக்குக் கடையில எங்க தம்பியைத் திருட்டு வியாபாரம்னு சொன்னேன் இல்லையா, அப்ப நீங்க அங்க இருந்தீங்க. அது பொய். அவன் அந்த மெஷினை விக்கலை. வாங்க வந்தவர்கிட்ட வேண்டாம்னு முந்தின நாளே சொல்லிட்டான். நான்தான் தெரியாம பேசிட்டேன். இதை உங்ககிட்ட சொல்லணும்னு வந்தேன்."

"உட்காருங்கக்கா, டீ சொல்றேன்" என்றேன். "இல்லை, இன்னும் போகணும்" என்று படி இறங்கிவிட்டார்.

தோட்டக்காரம்மாவைத் தேடிப் போனார். அவர் மருமகளோடு பாத்தியில் குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்தாராம். முழுக்கக் கேட்டுவிட்டு, "எந்தச் சண்டை? எனக்கு ஞாபகமே இல்லையே. இதுக்காகவா இவ்வளவு தூரம் வந்தே? யாரும்மா இதையெல்லாம் ஞாபகம் வச்சிருக்கா?" என்றாராம். ஆறுதலுக்குச் சொன்னதுதான். "வச்சிருக்கிறவன் ஒருத்தன் இருக்கானே" என்று அக்கா அங்கேயே வரப்பில் உட்கார்ந்து அழுதுவிட்டார்.

டீக்காரர்தான் மிச்சம். எல்லாரையும்விட அவரிடம் சொல்வதுதான் முக்கியம். ஊர் முழுக்க அந்தக் கதையை ஊற்றிக் கொடுத்தவர் அவர்தானே. அவரோ அதற்கு முந்தின கோடையிலேயே இறந்துபோய்விட்டார். அந்த இடத்தில் இப்போது செல்போன் ரிப்பேர் கடை. அக்கா தெருவைத் தாண்டிப் போய், கொஞ்ச நேரம் அங்கே நின்றார். கடைக்காரர், "என்னம்மா, சார்ஜரா?" என்று கேட்டார். "இல்லப்பா" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார்.

அதற்கப்புறம் அக்காவின் பேச்சு கொஞ்சம் மாறியிருக்கிறது. யாராவது மட்டமான மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தால் முன்பெல்லாம் "எந்தத் திருடன்கிட்ட வாங்கினீங்க?" என்றுதான் ஆரம்பிப்பார். இப்போது மெஷினைப் பற்றி மட்டும் பேசுகிறார். "இதுல சீல் ஒழுகுது, இதை மாத்தினா ஓடும், இதுக்கு மேல செலவு பண்ணாதீங்க" என்பதோடு சரி. விற்றவனைப் பற்றிக் கேட்டால், "அவருக்கு என்ன நிலைமையோ" என்கிறார்.

போன மாதம் சின்னவர் வந்திருந்தார். அக்காவின் கணவருக்கு இடுப்பில் ஒரு ஆபரேஷன், பார்த்துவிட்டுப் போக வந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து அக்காவைப் பட்டறையில் விட வந்தவரை நானும் பார்த்தேன். என்னை அடையாளம் தெரிந்து, "புல்லு எப்படி சார் இருக்கு?" என்று கேட்டார். அக்கா என்னை வைத்துக்கொண்டே அவரிடம் சொன்னார். "இவர்கிட்ட சொல்லிட்டேன்டா. தோட்டக்காரம்மாகிட்டயும் சொல்லிட்டேன். டீக்காரர்கிட்டதான் சொல்ல முடியாமப் போச்சு."

சின்னவர் தரையைப் பார்த்தார். "கேள்விப்பட்டேன்கா. காண்ட்ராக்டர் போன் பண்ணினாரு." அப்புறம், "எதுக்கு இப்படி அலையறே, இந்த வயசுல" என்றார். குரல் இளகித்தான் இருந்தது.

"வந்துடேன்டா. கடையைத் திறந்துடலாம்."

"பாப்பா படிப்பு அங்க இருக்கு. எம் பொண்டாட்டிக்கும் அங்கயே வேலை கிடைச்சிருக்கு. அந்த இடம் பழகிப்போச்சுக்கா. முன்ன கேட்டிருந்தா வந்திருப்பேனோ என்னவோ."

அவர் வாடிக்கையாளர்கள் காத்திருக்கிற பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார், ஓரமாக, பையை மடியில் வைத்துக்கொண்டு. அக்கா மேஜைக்குப் போய், பாதியில் விட்டிருந்த ஒரு கார்புரேட்டரைக் கையில் எடுத்தார். ரெண்டு பேரும் மழையைப் பற்றிப் பேசினார்கள், மாமாவின் மருந்தைப் பற்றிப் பேசினார்கள். ஒரு கட்டத்தில் சின்னவர் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, "அக்கா, குடிக்கத் தண்ணி எங்க இருக்கு?" என்று கேட்டார்.

தண்ணீர்க் குடம் அவர் பிறந்ததிலிருந்து இருக்கிற அதே மூலையில்தான் இருந்தது. அக்கா எழுந்து, கையைக் கழுவி, டம்ளரை ரெண்டு தடவை அலசி, தண்ணீர் மொண்டு கொண்டுவந்து கொடுத்தார்.